தண்ணீர் கலக்காத பால்

உணவைச் சாம்பலாக்குவதுதான் என் உத்தியோகம். என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று யாராவது கேட்டால் இப்படித்தான் சொல்வேன். கேட்டவர்கள் சிரிப்பார்கள். வீட்டில் தோசை கருகினால் என் கணவர், ஆபீஸ் வேலையை வீட்டுக்குக் கொண்டுவராதே என்பார்.

விளையாட்டுக்குச் சொன்னாலும் அது பொய்யில்லை. ஒரு பிடி கீரையைக் காயவைத்து, பீங்கான் கிண்ணத்தில் போட்டு, மின்சார உலைக்குள் வைத்துவிட்டுப் போவேன். மறுநாள் காலை திறந்தால் கீரை இருக்கும். நரம்புகூடத் தெரியும். ஆனால் வெள்ளையாக, எடையே இல்லாமல், போன ஜென்மத்துக் கீரை மாதிரி இருக்கும். மூச்சு விட்டால் உதிர்ந்துவிடும். அதனால் மூச்சைப் பிடித்துக்கொண்டு தராசுக்கு எடுத்துப் போவேன். அந்தச் சாம்பல்தான் அதிலிருக்கும் தாது உப்பு. என் வாழ்க்கையின் பெரும்பகுதி இப்படி மூச்சைப் பிடித்துக்கொண்டு நடந்ததில் போனது.

போன மாதம் எங்கள் பிரிவுப் பிள்ளைகள், புதிதாக வந்த இயந்திரத்தைக் காட்ட, ஓய்வுபெற்ற என்னை அழைத்தார்கள். தானியத்தை ஒரு கிண்ணத்தில் போட்டு மூடினால் உள்ளே ஏதோ ஒளி படுகிறது. நாம் திரும்பிப் பார்ப்பதற்குள் ஈரம், புரதம், கொழுப்பு எல்லாம் திரையில் வந்து நிற்கின்றன. எனக்கு ஆச்சரியமாகவும் இருந்தது, கொஞ்சம் தூக்கம் கலைந்தது போலவும் இருந்தது. ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் மேடம் என்றார்கள். எழுத உட்கார்ந்தால் மற்றதெல்லாம் பின்னால் போய், ஒரே ஒரு பால்தான் முன்னால் வருகிறது. அதைச் சொல்வதற்கு முன் எங்கள் வேலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

என் அப்பா செகந்திராபாத்தில் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். வீட்டுக்குள் வேலூர்ப் பக்கத்துத் தமிழ், வாசலைத் தாண்டினால் தெலுங்கும் உருதும். கெமிஸ்ட்ரி படித்து முடித்ததும், தார்நாகாவுக்கும் ஹப்சிகுடாவுக்கும் நடுவில் இருந்த ஒரு உணவு ஆராய்ச்சிக்கூடத்தில் உதவியாளர் வேலை கிடைத்தது. முதல் வருடம் முழுக்கக் கண்ணாடிச் சாமான் கழுவினேன். அடுத்த வருடம் எடை போடவும், அதற்கடுத்து ஈதரில் கொழுப்பைக் கரைத்து எடுக்கவும் பழகினேன். ஈதர் அறை குளிர்ந்து கிடக்கும். குடுவையில் ஈதர் கொதித்து மேலே போய், குளிர்ந்து, பொடித்த பருப்பின் மேல் சொட்டுச் சொட்டாக விழும். நிறைந்ததும் சட்டென்று ஒரு சத்தத்தோடு கீழே இறங்கும். திரும்பவும் சொட்டும். மத்தியானம் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். விழித்துக்கொண்டே கனவு காண்பது எப்படி என்று யாராவது கேட்டால் அந்த அறையைத்தான் காட்டுவேன்.

இந்த எண்களையெல்லாம் வைத்துக்கொண்டுதான் எந்த உணவு எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது என்று பிரிப்போம். தானியம், பருப்பு, கீரை, கிழங்கு, மற்றக் காய்கள், பழம், எண்ணெய் வித்து, பால் என்று போகும். படித்தபோது எளிதாக இருந்தது. செய்யும்போது ஒவ்வொன்றும் நழுவும். நிலக்கடலை அவரை, துவரையின் சொந்தக்காரன். ஆனால் அதிலுள்ள எண்ணெய் அதைப் பருப்பிலிருந்து பிடுங்கி எள்ளோடு உட்கார வைத்துவிடும். பட்டாணி பச்சையாக இருந்தால் காய், காய்ந்துவிட்டால் பருப்பு. முருங்கை ஒரே மரம். இலை ஒரு பக்கத்தில், காய் இன்னொரு பக்கத்தில். பஸ்ஸை விட்டு இறங்கி மார்க்கெட் வழியாக நடக்கும்போது கூடைகளெல்லாம் இடம் மாறி உட்கார்ந்திருப்பதாகத் தோன்றும். தேங்காயைப் பழக்கடையில் பார்த்தால், இவள் ஏன் இங்கே வந்தாள் என்று மனசு கேட்கும்.

எங்களுக்கு மேலதிகாரி டாக்டர் ஹமீத். ஹமீத் சாப் என்போம். பழைய ஹைதராபாத்காரர், ஒல்லி, எப்போதும் பாதி மூடிய கண்கள். தூங்குகிறார் என்று நினைத்துப் பேச ஆரம்பித்தால் நடுவில் "கைக்கு?" என்பார். ஏன் என்று அர்த்தம். இந்த ஊர் உருதுவில் எல்லோரும் சொல்லும் சொல்தான். ஆனால் அவர் சொன்னால் கையிலிருப்பதைக் கீழே வைத்துவிட்டு யோசிக்க வேண்டியிருக்கும். நிலக்கடலையை எண்ணெய் வித்தில் சேர்த்திருக்கிறேன் சார். கைக்கு? கொழுப்பு அதிகம் சார். அப்படியானால் எண்ணெய் இருந்தும் பருப்போடு உட்கார்ந்திருக்கும் சோயா? அங்கே நான் நின்றுவிடுவேன். அவர் திட்டமாட்டார். டீ கொண்டுவரச் சொல்லுவார். டீ வந்து தீரும்வரை இரண்டு பேரும் சோயாவைப் பற்றி யோசிப்போம்.

எண்ணைவிட அவருக்கு மாதிரிதான் முக்கியம். கத்தரிக்காய் என்றால் ஒரு கடைக் கத்தரிக்காய் ஆகாது. பல மார்க்கெட்டுகளில் வாங்கி, நறுக்கி, ஒரே குவியலாக்கி, அதை மேலிருந்து அழுத்தித் தட்டையாக்கி, சிலுவைபோலக் கோடு கிழித்து, எதிரெதிர் இரண்டு பங்கை எடுத்து, மற்றதைத் தள்ளிவிட வேண்டும். எடுத்ததை மறுபடி குவித்து மறுபடி கோடு. கடைசியில் கையளவு மிஞ்சும். அந்தக் கையளவுதான் ஊரிலுள்ள கத்தரிக்காய்க்கெல்லாம் பதில் சொல்லப்போகிறது என்பார். எந்த ரிப்போர்ட்டை நீட்டினாலும், எண்ணைப் பார்ப்பதற்கு முன்னால், இது எதிலிருந்து எடுத்தது, எப்படி எடுத்தது என்றுதான் கேட்பார்.

இனி எஸ்தரைப் பற்றி.

என் கணவர் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் இருந்ததால் நாங்கள் ஏ.எஸ்.ராவ் நகரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் வீடு வாங்கியிருந்தோம். எங்களுக்கு மேல்வீட்டில் எஸ்தரும் டேனியலும் வாடகைக்கு வந்தார்கள். இருவரும் பாளையங்கோட்டைக்காரர்கள், கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. அவளுக்கு இங்கேதான் முதல் குழந்தை பிறந்தது. ஆண் குழந்தை, ஜோயல். அவளுடைய அம்மா வந்திருந்து பார்த்துவிட்டு ஊருக்குப் போனபின் இரண்டு பேர்தான்.

டேனியல் நல்ல பையன். பயந்த பையன் என்பது இன்னும் சரி. குழந்தை தூங்குவது, அழுவது, பால் குடிப்பது எல்லாவற்றையும் போனில் ஏற்றிவைப்பான். லிஃப்டில் பார்த்தால் போனில் கோடு கோடாகக் காட்டுவான். மூன்றாம் மாதம் குழந்தையின் எடைக்கோடு கீழே தொங்க ஆரம்பித்தது. குழந்தை டாக்டர், பதற வேண்டாம், பால் கொடுத்துக்கொண்டே இருங்கள், அடுத்த முறை பார்த்துவிட்டு வேண்டுமானால் டின் பால் சேர்க்கலாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

ஏப்ரல் மாதம். மொட்டைமாடியில் துணி எடுக்கப் போனேன். எஸ்தர் கொடியருகே துணியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். எடுக்கவுமில்லை, போடவுமில்லை. உதடு வெடித்திருந்தது. உடம்பு சரியில்லையா என்று கேட்டேன். நைட்டிப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தாள்.

அது ஒரு தனியார் பரிசோதனைக்கூடத்தின் ரிப்போர்ட். பால் என்று தலைப்பு. கொழுப்பு இருக்க வேண்டிய அளவைவிடக் குறைவு. தரம் குறைந்தது. கீழே, தண்ணீர் கலந்திருக்க வாய்ப்பு உண்டு என்று ஒரு வரி. பால்காரர் மேல் சந்தேகப்பட்டிருக்கிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டு, யாரிடம் வாங்குகிறீர்கள் என்று கேட்டேன்.

"அது எம் பால் ஆன்ட்டி" என்றாள். "எம் பாலுல தண்ணி கலந்திருக்குன்னு எழுதியிருக்காவ. நான் எங்க போயிக் கலந்தேன்?"

டேனியல்தான் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறான். தாய்ப்பால் என்று கவுன்டரில் சொல்லக் கூச்சப்பட்டு, பால் என்று மட்டும் எழுதியிருக்கிறான். அவர்கள் பசும்பால் என்று எடுத்துக்கொண்டு பசும்பாலின் அளவோடு ஒப்பிட்டுவிட்டார்கள். தப்பு என்று ஒருவரையும் சொல்ல முடியாது. ஆனால் தாள் வீட்டுக்கு வந்துவிட்டது. வரும் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து தாய்ப்பாலை நிறுத்திவிட்டு டின் பாலுக்கு மாறிவிடலாம் என்று முடிவு செய்திருந்தார்கள்.

அதைவிட மோசம் அடுத்து அவள் சொன்னது. குடிக்கிற தண்ணீர்தான் பாலில் போய்ச் சேருகிறது என்று நினைத்து, அவள் தண்ணீர் குடிப்பதை அநேகமாக நிறுத்தியிருந்தாள். அந்த வெயிலில். சோறோடு ஒரு மடக்கு, மாத்திரைக்கு ஒரு மடக்கு. அங்கேயே நிற்கவைத்துக் கீழே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தேன். வாங்கிக்கொண்டாள். குடிக்கவில்லை. எனக்குக் கோபம்கூட வந்தது. பிள்ளை பெற்றவள் தண்ணீர் குடிக்காமல் இருப்பாளா, நக்கோ நக்கோ, வேண்டவே வேண்டாம் இதெல்லாம் என்று என் பாஷையெல்லாம் கலந்து சத்தம் போட்டேன். அவள் சொம்பைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

மறுநாள் தாளை ஹமீத் சாபிடம் கொண்டுபோனேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். எதிலிருந்து எடுத்தது என்றார். எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருடம் அவரிடம் இருந்தும் அந்த ஒன்றைக் கேட்காமல் வந்திருந்தேன். எஸ்தருக்குப் போன் போட்டேன். காலையில் எழுந்ததும், குழந்தைக்குக் கொடுப்பதற்கு முன்னால், பம்ப் வைத்து முதலில் வருவதை எடுத்து, இரண்டு மூன்று காலைகள் பிரிட்ஜில் சேர்த்து வைத்துக் கொடுத்தோம் என்றாள். சொன்னேன். சாப் கண்ணைத் திறந்தார்.

தாய்ப்பால் முதலில் நீர்த்துத்தான் வரும். தாகத்துக்கு வருவது போல. குழந்தை குடிக்கக் குடிக்கக் கொழுப்பு ஏறும். கடைசியில் வருவதுதான் கனமான பால். ராத்திரி முழுக்க நிறைந்திருந்த மார்பிலிருந்து காலையில் வரும் முதல் பால் எல்லாவற்றிலும் தண்ணீராக இருக்கும். டேனியல் பாவம், தப்பான நேரத்தில் தப்பான பங்கை மாதிரியாக எடுத்திருக்கிறான்.

இதைச் சொல்லி அனுப்பிவிடலாமே என்றேன். ஒரு தாள் அவளிடம் ஏற்கெனவே பேசிவிட்டது, இப்போது நம் வாய்ப்பேச்சு எடுபடாது, கண்ணால் பார்க்கட்டும் என்றார். மனிதரிடமிருந்து மாதிரி எடுப்பதற்கு எங்களிடம் கண்டிப்பான விதி உண்டு. அவர் தனக்கு மேலே இருப்பவர்களிடம் பேசிவிட்டு வந்தார். ரிப்போர்ட் கொடுக்கக் கூடாது, எண் எதுவும் எழுதக் கூடாது, அவர்கள் சம்மதத்தோடு பார்க்க மட்டும் என்று அனுமதி கிடைத்தது.

சனிக்கிழமை மூவரும் வந்தார்கள். கட்டிடத்தில் அதிகம் ஆள் இல்லை. எங்கள் சிறிய அறையில் திரையை இழுத்துவிட்டேன். வேப்பமரத்து நிழல் திரையில் அசைந்துகொண்டிருந்தது. எஸ்தரை நாற்காலியில் உட்காரவைத்தேன். ஹமீத் சாபும் டேனியலும் கதவுக்கு வெளியே பெஞ்சில். குழந்தை வாய் வைப்பதற்கு முன் சில சொட்டுகள் எடுத்து, மெல்லிய கண்ணாடிக்குழாயில் ஏற்றி, ஒரு முனையை அடைத்தேன். பிறகு குழந்தை குடிக்க ஆரம்பித்தது. அறையில் அந்தச் சத்தம் மட்டும். விழுங்கி, மூச்சு விட்டு, விழுங்கி. ஈதர் அறையில் உட்கார்ந்திருப்பது போலவே எனக்குக் கண் சொக்கியது.

திடீரென்று வெளியே டேனியலின் போன் மணியடித்தது. உள்ளே எஸ்தர் குழந்தையின் வாய்க்குள் சுண்டுவிரலை விட்டு, வெடுக்கென்று அவனை மார்பிலிருந்து எடுத்துவிட்டாள். குழந்தை வீறிட்டது. அவள் பழக்கம் மாறாமல் அடுத்த பக்கத்துக்கு மாற்றப் போனாள்.

வெளியிலிருந்து ஹமீத் சாப் குரல் கேட்டது. "கைக்கு?"

அப்புறம் டேனியல் சொல்லுவது கேட்டது. ஒரு பக்கம் ஐந்து நிமிடம், இன்னொரு பக்கம் ஐந்து நிமிடம். ஏதோ வீடியோவில் பார்த்து போனில் மணி வைத்திருக்கிறான். அவளுடைய அம்மா ஊருக்குப் போனதிலிருந்து அப்படித்தான் கொடுக்கிறார்கள். இரண்டு பக்கமும் சமமாகக் கிடைக்க வேண்டும் என்று. டாக்டர் கேட்கவில்லை, இவர்களும் சொல்லவில்லை.

ஜோயல் மெதுவாகக் குடிக்கிற பிள்ளை. கனமான பால் வருகிற நேரத்துக்கு, வேளை தவறாமல், மணி அடித்திருக்கிறது. நாளெல்லாம் அவன் முதல் பாலையே குடித்துவிட்டுப் பசியோடு தூங்கியிருக்கிறான்.

"அவன மறுபடி அதே பக்கம் விடும்மா" என்றேன். "அவனே விடட்டும். நீ எடுக்காதே."

அவள் வாசலைப் பார்த்தாள். வெளியே மணி நின்றிருந்தது. குழந்தையை அதே பக்கம் சேர்த்தாள். இடையில் நான் ஒருமுறை சொட்டு எடுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. கடிகாரத்தைப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. திரையில் நிழல் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் நகர்ந்திருந்தது. ஜோயலின் கை முதலில் இறுக்கமாக மூடியிருந்தது. பிறகு விரல் விரலாகத் திறந்தது. பிறகு வாய் தானாக நழுவி, உதட்டோரம் ஒரு சொட்டு நிற்க, அவன் தூங்கிப்போனான். எஸ்தரும் தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன். கன்னத்தில் கண்ணீர் இறங்கியபோதுதான் விழித்திருப்பது தெரிந்தது. கடைசிச் சொட்டுகளை எடுத்துக்கொண்டேன்.

மூன்று குழாய்களையும் ரத்தப் பரிசோதனைப் பிரிவில் இருந்த சுழலும் கருவியில் வைத்துச் சுற்றினோம். சுற்றினால் கொழுப்பு பிரிந்து ஒரு முனையில் ஒதுங்கும். நின்றதும் எடுத்து, கறுப்புத் துணிமேல் வரிசையாக வைத்தேன். முதல் குழாயில் ஒரு நூலளவு வெண்மை. இரண்டாவதில் அதைவிடக் கனமாக. மூன்றாவதில் ஆடை படிந்தது போல, மஞ்சள் ஓடிய ஒரு பெரிய பட்டை. படிக்காதவருக்கும் தெரியும்.

டேனியல் குனிந்து, தொடாமல், வெகுநேரம் பார்த்தான். மூன்றும் இப்போது எடுத்ததுதானா, ஒரே பக்கமா என்று கேட்டான். ஆமாம் என்றேன். அப்படியானால் இதில் எது இவளுடைய பால் என்று ஹமீத் சாபிடம் ஆங்கிலத்தில் கேட்டான். குழந்தை குடித்து முடித்தது எதுவோ அது, என்றார் அவர். ஆரம்பத்திலிருந்து கடைசி வரைக்கும் சேர்த்து. நடுவில் வெட்டினால் அது பால் ஆகாது, மாதிரிதான்.

டேனியல் எஸ்தர் பக்கம் திரும்பி, "தப்பா எடுத்துட்டேன் எஸ்தர்" என்றான். "பாலயில்ல, மாதிரிய."

அவள் என்னிடம் திரும்பி, குடிக்கத் தண்ணி இருக்கா ஆன்ட்டி என்றாள். எங்கள் அறைக் கூஜாவை அப்படியே கொடுத்தேன். இடது கையில் குழந்தையை அணைத்தபடி, வலது கையால் தூக்கி, கண்ணை மூடிக்கொண்டு, கழுத்தெல்லாம் வழிய வழியக் குடித்தாள். டேனியல் வராந்தாவுக்குப் போய் மறுபடி நிரப்பிக்கொண்டு வந்தான்.

ஞாயிற்றுக்கிழமை டின் திறக்கவில்லை. திங்களன்று குழந்தை டாக்டரிடம் மணியைப் பற்றிச் சொன்னார்கள். அவர் தலையில் கை வைத்துக்கொண்டாராம். பிறகு சில வாரம் எஸ்தர் படியில் பார்க்கும்போதெல்லாம் குழந்தையின் ஏறிய எடையைச் சொல்லுவாள். அப்புறம் சொல்ல மறந்துபோனாள். மறந்துபோனதும் எனக்கு நிம்மதியாகிவிட்டது.

அந்த வருடம்தான், எந்த உணவில் என்ன சத்து எவ்வளவு என்று சொல்லும் எங்கள் உணவு அட்டவணையைத் திருத்தி எழுதினோம். பழைய அட்டவணையில் எருமை, பசு, ஆடு இவற்றோடு தாய்ப்பாலுக்கும் ஒரு வரி இருந்தது. கடையில் விற்காத பொருள், மார்க்கெட்டில் மாதிரி எடுக்க முடியாது, அதனால் நீக்கிவிடலாம் என்று கூட்டத்தில் பேச்சு வந்தது. சரியான வாதம்தான். பலர் தலையாட்டினார்கள். ஹமீத் சாப் வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். வீடு வீடாகப் போய் நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று கணக்கெடுப்பவர்கள் இந்த அட்டவணையைத்தான் பார்ப்பார்கள், வரியை எடுத்துவிட்டால் நாட்டிலுள்ள கைக்குழந்தைகள் எல்லாம் நேற்று ஒன்றுமே சாப்பிடவில்லை என்றாகிவிடும் என்றார். சத்தம் உயர்த்தவில்லை. வரி நின்றது. புதிதாக எடுத்து அளப்பது என்றும், குழந்தை தொடங்கியதிலிருந்து விடும்வரை எடுத்துக் கலந்த பால் என்று கீழே எழுதுவது என்றும் முடிவாயிற்று.

அதற்காகப் பக்கத்துச் சுகாதார நிலையத்தின் மூலம் தாய்மார்கள் வந்தார்கள். அந்த நாட்கள் இப்போதும் எனக்குக் கனவில் வரும். வராந்தா முழுக்கத் தொட்டில் துணி. தெலுங்குத் தாலாட்டு ஒன்று, உருது ஒன்று, பேர் தெரியாத பாஷையில் ஒன்று, எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று. தராசு முன்னால் நான். தனக்கும் எழுதிக்கொள்ளச் சொல்லி முதல் நாளே எஸ்தர் வந்து நின்றாள். பெயர் கேட்ட பெண்ணிடம், எம் பாலு எதுல வரும், பசுவோடயா என்று கேட்டாளாம். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே, தனி வரி அக்கா என்றாளாம்.

ஹமீத் சாப் ஓய்வுபெற்றுப் பெங்களூரில் மகள் வீட்டில் இருக்கிறார். நானும் ஓய்வுபெற்றாயிற்று. எஸ்தர் குடும்பம் இன்னும் அதே மேல்வீடுதான். இப்போது சொந்தமாக வாங்கிவிட்டார்கள். ஜோயல் இரண்டாம் வகுப்பு. பள்ளிப்பேருந்து இறங்கியதும் அம்மா வேலை முடித்து வரும்வரை எங்கள் வீட்டில்தான். நான் தமிழில் கேட்பேன், அவன் தெலுங்கில் பதில் சொல்லுவான். நேற்று, மதியம் என்னடா சாப்பிட்டாய் என்று கேட்டேன். சட்டையில் சாம்பார்க்கறை, கன்னத்தில் மாம்பழம். "ஏமீ தினலேது ஆன்ட்டி" என்றான். ஒன்றுமே சாப்பிடவில்லையாம். நம்பியது போல முகத்தை வைத்துக்கொண்டு கடலை உருண்டை கொடுத்தேன். இரண்டு தின்றுவிட்டு சோபாவில் சாய்ந்தவன் அப்படியே தூங்கிப்போனான்.

எஸ்தர் வந்து வாசலில் செருப்பைக் கழற்றினாள். எழுப்பிக் கூட்டிக்கொண்டு போகட்டுமா என்று சைகையில் கேட்டாள். வேண்டாம் என்றேன். உள்ளே வந்து அவன் காலடியில் உட்கார்ந்தாள். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அவனாக எழுந்திருக்கும்வரை நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம்.